மூன்றையும் அவிழ்த்துவிட்டேன் என்று சொன்னேன்

நவம்பர் முப்பது வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோர் கைபேசியிலும் ஒரே படங்கள்தான் சுற்றும். வில்லியனூர்ப் பக்கத்து நகர்களில் நிற்கும் வெள்ளம், மொட்டை மாடியிலிருந்து கையசைக்கும் ஆட்கள், தெருவில் கவிழ்ந்து கிடக்கும் பைக்குகள். மேலே ‘இதே நாளில்’ என்று எழுதி, சோகமாக ஏதோ ஓர் இசையைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே தேதியில் தானே புயலின் படங்கள் வரும். வேரோடு சாய்ந்த பலா மரங்கள், மடங்கிப்போன மின்கம்பங்கள். தானே அடித்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில், டிசம்பர் முப்பது. அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயல் அடித்தது இரண்டாயிரத்து இருபத்து நான்கில், நவம்பர் முப்பது.

புயல் கரையைக் கடந்த நாளைத்தான் தேதி என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்லப்போவது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. அது யார் கைபேசியிலும் வராது.

எனக்குச் சொந்த ஊர் காட்டேரிக்குப்பம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை விட்டேன். அதற்குப் பிறகு கரும்பு வெட்டு, செங்கல் சூளை, லாரி, ஹோட்டல் என்று கிடைத்த வேலையைச் செய்தேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்ததில்லை. யாரும் துரத்தியதில்லை, நானே கிளம்பிவிடுவேன்.

தானே அடித்த மூன்றாம் நாள், மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்த ஒருவரோடு பாகூர் பக்கம் போனேன். அவ்வளவு மரம் விழுந்திருந்தது. நாங்கள் வேலை கேட்டு அலையத் தேவையிருக்கவில்லை. தெருவில் நடந்தால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தென்பெண்ணை ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் மாட்டுக் கொட்டகை மேல் வேப்ப மரம் சாய்ந்து கிடந்தது. அதை அறுக்கச் சொன்னது ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளுடைய புருஷன் செத்து அன்றைக்கு மூன்றாம் நாள். புயலோடு போனவன் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

எப்படிப் போனான் என்பதை அவளே சொன்னாள், நான் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது. காற்று ஏறியதும் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான். கொட்டகை விழுந்தால் மாடு மாட்டிக்கொள்ளும் என்று மூன்று மாட்டையும் அவிழ்த்து விட்டான். ஒரு கிடேரி மிரண்டு வயல் பக்கம் ஓடியது. பின்னாலேயே ஓடினான். யாருடைய மோட்டார் கொட்டகையிலிருந்தோ பிய்ந்து பறந்து வந்த ஒரு தகரம் அவன் கழுத்தில் பட்டது. கிடேரி சாயங்காலம் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது.

“காத்துல மாட்ட அவுக்கக் கூடாதுபா. கட்டிப் போட்டிருந்தா மாடு போயிருக்கும், மனுசன் இருந்திருப்பான்” என்றாள். அழவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவள் போலச் சொன்னாள்.

அன்றைக்கு மரத்தை அறுத்து முடிக்க முடியவில்லை. அங்கேயே படுத்தேன். மிஷின்காரர் போன பிறகும் நான் பத்து நாள் தங்கி, விழுந்த கொட்டகையை நிமிர்த்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் போவதும் வருவதுமாக இருந்தேன். எங்கேயாவது வேலை தீர்ந்தால், அல்லது கால் ஓய்ந்தால், அந்த ஊருக்கு வருவேன். புல் அறுத்துப் போடுவேன், சாணி அள்ளுவேன், அவள் சோறு போடுவாள். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைத் தம்பி என்பாள், கோபம் வந்தால் டா போடுவாள். ஊரில் ரெண்டு பேர் வேறு மாதிரி பேசினார்கள். அவளுடைய கொழுந்தன் அவர்களில் ஒருவன். அவர்கள் பேசியதில் ஒன்றுமில்லை.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. நிலமும் கிடையாது, இருந்த அரைக்காணியைக் கொழுந்தன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். மாடுகள்தான் அவளை அந்த ஊரில் நிற்க வைத்தன. காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவள் என்பதால்தான் அவளுக்குத் தெருவில் ஒரு மரியாதை. மாடு இல்லாவிட்டால் அவள் கொழுந்தன் வீட்டுச் சாணியைத்தான் அள்ள வேண்டியிருந்திருக்கும். அவனே அதைப் பல தடவை சொல்லியிருக்கிறான்.

இடையில் அவளுக்கு அரசாங்க உதவியில் கல் வீடு கட்ட ஆணை வந்தது. ஒரே அறை, மேலே காங்கிரீட் தளம், இரும்புக் கதவு ஒன்று, கம்பி போட்ட ஜன்னல் ஒன்று. பூச்சு வேலை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. அதில் அவள் குடியேறவில்லை. புயல் சின்னம் என்று டிவியில் சொன்னால் போதும், மாடுகளை அதற்குள் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவாள். அவள் பக்கத்திலிருந்த ஷீட் கொட்டாயில் படுப்பாள். தெருப் பெண்கள் சிரிப்பார்கள்.

“இன்னாக்கா, மாட்டுக்கு மச்சு வூடு, மவராசிக்கு ஷீட்டுக் கொட்டாயா?”

“நீ வேணா வந்து மாட்டோட படுத்துக்கடி. எடம் கீது” என்பாள்.

ஃபெஞ்சல் வந்த நவம்பர் கடைசியில் நான் அங்கே இருந்தேன். ஓசூரில் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்போது மூன்று மாடுகள். ஒன்று கிழம், காலையில் மட்டும் இரண்டு லிட்டர் கறக்கும். ஒன்று செவலை, நல்ல கறவை. மூன்றாவது கறுப்புக் கிடேரி, தலைச்சினை, எட்டு மாதம். அவளுடைய நினைப்பெல்லாம் அந்த வயிற்றின் மேல்தான் இருந்தது. தை மாதம் கன்று போடும், பிறகு வீட்டுக்குப் பூச்சு வேலை, பிறகு கொழுந்தன் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு வரிசை வைத்திருந்தாள். தினமும் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள். “ஒதைக்குதுடா” என்று என்னையும் கூப்பிட்டுக் கை வைக்கச் சொல்வாள்.

சனிக்கிழமை புயல் கரையைக் கடக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமையே மாடுகளைக் கல் வீட்டுக்குள் ஏற்றினோம். கட்டியது நான்தான். அவள் பின்னால் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

“குட்டையா கட்டுடா. நீளமா வுட்டா ஒண்ண ஒண்ணு முட்டிக்கும். சினை இருக்குது.”

“போதுங்கா, இதுக்கு மேல குட்டையா கட்டுனா அதுக்குக் கழுத்து வலிக்கும்.”

“ஒரு நாளைக்கு வலிக்கட்டும். ரெட்டை முடிச்சுப் போடு.”

ஜன்னலின் அடிக் கம்பியில், ஒரு முழத்துக்கும் குறைவாக விட்டு, ரெட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நைலான் கயிறு, புதுசு. கிழத்தை மட்டும் கதவு ஓரமாக ஒரு கொக்கியில் கட்டினேன். ஜன்னலில் மூன்றுக்கு இடமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கிய காற்றும் மழையும் ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. அப்படி ஒரு மழையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஷீட் கொட்டாயின் ஒரு பக்கம் பறந்துவிட்டது. பழைய மாட்டுக் கொட்டகை விழுந்தது. கல் வீடு அசையவில்லை. ஞாயிறு மத்தியானம் அவள் உள்ளே போய் மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டு வந்து, மழையில் நனைந்துகொண்டே தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “சிரிச்சவளுங்க எல்லாம் வந்து பாருங்கடி!” அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

புயல் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தேதி போய்விட்டது, காற்றும் போய்விட்டது. கட்டுவதற்கு வேறு கொட்டகை இல்லாததால் மாடுகள் கல் வீட்டிலேயே இருந்தன.

திங்கட்கிழமை காலையில் மேலே எங்கோ அணையைத் திறந்துவிட்டார்கள் என்றும், ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது எங்களுக்குப் புதிதில்லை. அவள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனாள். இரண்டு நாளாகச் சொசைட்டி வண்டி வரவில்லை, அன்றைக்கு வரும் என்றிருந்தார்கள். “மதியத்துக்குள்ள வந்துடறேன், புல்லு போடு” என்றாள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது. எங்கோ கரை உடைந்து சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. நான் கொட்டாயின் ஷீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கும்போது கணுக்கால், கயிற்றை முடிந்துவிட்டுப் பார்க்கும்போது முழங்கால். போன் அடித்தது.

“டேய், ரோட்ட அடைச்சிட்டாங்கடா. என்ன வுட மாட்றாங்க. மாட்ட அவுத்து வுடு. மூணையும் அவுத்து வுடுடா!”

அவளே சொன்னாள். பதின்மூன்று வருஷமாகக் காற்றுக்குப் பயந்து கட்டியவள், அவிழ்த்து விடு என்று சொன்னாள்.

கல் வீட்டுக் கதவைத் திறக்கவே நேரமாயிற்று. தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் கிழம் என்னைப் பார்த்தது. அது அமைதியான மாடு. எதற்கும் இழுக்காது. அதன் முடிச்சு தளர்வாகவே இருந்தது. விரலை விட்டு இழுத்ததும் வந்துவிட்டது. செவலையும் கிடேரியும் பயந்து இழுத்து இழுத்து முடிச்சைக் கல்லாக்கியிருந்தன. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன். கிடேரி தலையைத் தூக்க முயன்று என் தாடையில் இடித்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

அரிவாள் கொட்டாயில் இருந்தது, கூரைச் சந்தில் செருகி வைத்திருந்தது. இருபது அடி தூரம் இருக்கும். போய் எடுத்துக்கொண்டு வந்து அறுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எனக்கு நீச்சல் சுமாராகத் தெரியும். வெளியே தெருப் பள்ளத்தில் தண்ணீர் பழுப்பாக, சுழித்துக்கொண்டு, யாருடைய வீட்டுக் கட்டிலையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அரிவாள் இருந்த பக்கம் போகவில்லை. கிழத்தின் வாலைப் பிடித்துக்கொண்டேன். அது என்னை இழுத்துக்கொண்டு பெரிய ரோடு இருந்த மேட்டுப் பக்கம் நீந்தியது. பின்னால் கிடேரி கத்தியது கேட்டது. திரும்பவில்லை.

ரோட்டில் ஊரே நின்றது. டிராக்டர்கள், மூட்டைகள், பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கிழத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பின்னால் தண்ணீரைப் பார்த்தாள்.

“மத்தது?”

“அவுத்துட்டேங்கா. மூணையும் அவுத்துட்டேன். அதுங்க ரெண்டும் கெழக்கால நீந்திப் போச்சு.”

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் கேட்டாள், வாயில் வந்தது. அவள் என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். சுற்றி நின்றவர்களிடம், “பாத்தீங்களா, கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்” என்றாள். கொழுந்தன் பக்கத்தில்தான் இருந்தான். அவனைக் கேட்க வைப்பதற்காகவே இரண்டாம் தடவையும் சொன்னாள்.

இத்தோடு நின்றிருந்தால்கூட வேறு கதை. கால் மணி நேரத்தில் பனித்திட்டிலிருந்து மீன்காரர்கள் இரண்டு ஃபைபர் படகுகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சுனாமியில் வீடு போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். தண்ணீரைப் பார்த்து அவர்கள் முகம் மாறவில்லை. மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கொண்டுவரக் கிளம்பினார்கள். படகில் நின்ற ஒருவர், வயதானவர், கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

“அந்தத் தெருவுக்குத்தான் போறோம். ஆடு மாடு எதனா கட்டிக் கெடக்குதா? கத்தி கீது, அறுத்து வுட்டுட்டு வந்துடறோம்.”

அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீர் அப்போது மார்பளவுக்கு மேல் இல்லை. ஜன்னல் அதற்கு மேலேதான். அவை உயிரோடு இருந்தன. அது எனக்குத் தெரியும்.

“இல்லண்ணே. எங்களுது எல்லாம் அவுத்தாச்சு” என்றேன்.

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். சற்று முன்புதான் அவர்கள் எல்லோர் முன்னிலும் அவள் என் தலையைத் துடைத்திருந்தாள். இதைத் தவிர நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு இன்ஜினை இழுத்தார். படகு எங்கள் தெருப் பக்கம் திரும்பியது.

அதற்கடுத்த மூன்று நாட்கள் அவள் மாடு தேடினாள். ஊருக்குள் தண்ணீர் வடியவில்லை, அதனால் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. கிழக்கே போகும் ரோடுகள் திறந்திருந்தன. கிழத்தைப் பள்ளிக்கூடத்து வேலியில் கட்டிவிட்டு நடந்தாள். நானும் கூடப் போனேன். போகாமல் எப்படி இருக்க முடியும்? ஒவ்வொரு ஊரிலும் அவள் ஒரே மாதிரி கேட்டாள்.

“செவலை ஒண்ணு, கறுப்புக் கிடேரி ஒண்ணு. கிடேரி சினையா இருக்கும். காதுல மஞ்ச அட்டை. பாத்தீங்களா?”

சிலர் பார்த்தேன் என்றார்கள். பார்க்காதவர்களும் பார்த்தேன் என்றார்கள், அவள் முகத்தைப் பார்த்து. ஒரு டீக்கடைக்காரர் சவுக்குத் தோப்பில் கறுப்பு மாடு நிற்கிறது என்றார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். யாருடையதோ எருமை.

முகத்துவாரத்துப் பக்கம் செத்த மாடுகள் ஒதுங்கிக் கிடந்தன. ஊதி, கால்கள் நீட்டிக்கொண்டு, நாய்கள் சுற்றி. அவள் மூக்கை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து காதைத் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் இருக்கும் எண்ணை அவளுக்குப் படிக்கத் தெரியாது. “படிடா” என்பாள். நான் படிப்பேன். ‘நம்பளுது இல்லக்கா’ என்பேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உயிர் வந்தது. “இல்லல்ல? எனக்குத் தெரியும். அது கெட்டிக்காரி, எங்கியாவது மேடு பாத்து ஏறியிருக்கும்.” பதினோரு மாடுகளின் காதை அப்படிப் படித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டு, “கன்னு போடற நேரத்துல இவ்வளவு தூரம் நீந்தியிருக்குதே, வயித்துல ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?” என்று கேட்டாள்.

“ஆவாதுக்கா” என்றேன். சோற்றைத் தின்று முடித்தேன்.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. கொழுந்தன்தான் முதலில் ஊருக்குள் போனான். நாங்கள் போய்ச் சேரும்போது கல் வீட்டு வாசலில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். தெருவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

“வா அண்ணி, வா. கெழக்கால நீந்திப் போன மாடு ரெண்டும் வூட்லதான் கீது.”

அவள் உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன், அங்கிருந்தே தெரிந்தது. சுவரில் தண்ணீர்க் கோடு ஜன்னலின் பாதி உயரத்தில் நின்றது. கயிறு இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருந்தால் தலை மேலே இருந்திருக்கும். இழுத்து இழுத்துக் கயிறு உரசிய இடத்தில் கம்பி துரு போய்ப் பளபளத்தது. கிடேரியின் கொம்பு கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது.

“அவுத்தவன் யாருபா? கொஞ்சம் முன்னாடி வா, மொகத்தப் பாக்கலாம்” என்றான் கொழுந்தன். யாரோ ஒருவன் சிரித்தான்.

அவள் வெளியே வரவில்லை. உள்ளிருந்தே கேட்டாள். சத்தம் போடவில்லை.

“எத மொதல்ல அவுத்த?”

“கெழத்த.”

“ஏன்?”

“அது முடிச்சுதாங்கா அவுந்துச்சு.”

பிறகு, “அந்தப் போட்டுக்காரரு கத்தி கீதுன்னாரே” என்றாள்.

கொழுந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

மாடுகள் ஊதியிருந்ததால் கதவு வழியாக வரவில்லை. துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றான் கொழுந்தன். அவள் வேண்டாம் என்றாள். ஜன்னல் சுவரை இடிக்கச் சொன்னாள். கடப்பாரையை என்னிடம் கொடுத்தாள். நான் இடித்தேன். பூச்சில்லாத சுவர், சீக்கிரம் விழுந்தது. ஜேசிபி வர வழியில்லை என்பதால் குழியையும் நானே வெட்டினேன். ஈர மண், வெட்ட வெட்டச் சரிந்தது. ஊரில் ஒருவரும் மண்வெட்டி தொடவில்லை. அது நியாயம்தான். கிடேரியை இழுக்கும்போது அதன் வயிறு உடைந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாள் நிவாரணத்துக்காக மாட்டு டாக்டரும் கணக்கெடுக்கிறவரும் வந்தார்கள். இறந்த தேதி என்ற இடத்தில் முப்பது என்று எழுதினார்கள்.

“முப்பதாந்தேதி உசுரோட பால் கறந்துச்சுங்க. ஞாயித்துக்கிழமகூட கறந்தேன். திங்கக்கிழமைதாங்க” என்றாள் அவள்.

“புயலுக்கு ஒரே தேதிதாம்மா. வேற தேதி போட்டா காகிதம் திரும்பி வந்துடும்.”

“அப்போ முப்பதுன்னே போட்டுக்கோங்க. அன்னிக்கே செத்திருந்தா எனக்கும் நல்லதுதான். மூணு நாளு நடந்திருக்க மாட்டேன்.”

கணக்கெடுக்கிறவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கட்டைவிரல் வைக்கச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு, பள்ளிக்கூடத்து வேலியிலிருந்து கிழத்தை ஓட்டிக்கொண்டு வந்து அதன் கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

“ஓட்டிக்கினு போ.”

“எனக்கு எதுக்குக்கா மாடு?”

“நீ அவுத்த மாடு. எனக்கு வாணாம். இதப் பாத்தா எனக்கு அதுங்க நெனப்புதான் வரும். ஓட்டிக்கினு போயிடுடா.”

“நான் எங்க வெச்சிக்கறது? எனக்கு வூடா வாசலா?”

“இருந்துச்சே. இடிச்சிட்டியே.”

கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். இரண்டு லிட்டரானாலும் அது அவளுக்கு மிஞ்சிய பால். கோபம் தணிந்தால் தேவைப்படும். அது எனக்குத் தெரிந்திருந்தும் ஓட்டிக்கொண்டு நடந்தேன். அங்கே இன்னும் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். தெரு முனையில் மாடு திரும்பிப் பார்த்து ஒரு முறை கத்தியது. அவள் வரவில்லை.

அரியாங்குப்பத்தில் புதிதாக வீடுகள் கட்டும் ஓர் இடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மாட்டை அங்கேயே கட்டினேன். காலையில் கறந்து ஒரு டீக்கடையில் ஊற்றினேன். கட்டட வேலை நாலு மாதத்தில் நின்றுபோனது. எனக்கும் கால் அரித்தது. கிழ மாட்டை வைத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. வில்லியனூரிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்து அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டினார். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லாரியில் ஏற ஒத்துக்கொள்ளாமல் முன்னங்காலை ஊன்றி நின்றது. எதற்கும் இழுக்காத மாடு அன்றைக்கு இழுத்தது. நானும் சேர்ந்துதான் தள்ளினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். காலை நேரம். புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தாள், மடியில் சிமெண்ட் ஒட்டிய பை, அதற்குள் சோற்றுத் தூக்கு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேச்சிலிருந்து அவள் இப்போது கொழுந்தன் வீட்டுப் பின்பக்கம் இருக்கிறாள் என்று தெரிந்தது. அங்கே காலையில் சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏற முடிகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாள். கை பெருத்து, வெடித்திருந்தது. நான் பின்வாசல் பக்கம் நகர்வதற்குள் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, கேட்க நினைத்திருந்த ஒன்றைக் கேட்டாள்.

“மாடு எப்படிடா கீது?”

இந்தத் தடவையும் நான் யோசிக்கவில்லை.

“நல்லா கீதுக்கா. காட்டேரிக்குப்பத்துல எங்க ஊர்ல வுட்டிருக்கேன். கன்னு போட்டிருக்குது.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த மாட்டின் வயது அவளுக்குத் தெரியும். அது இனிச் சினை பிடிக்காது என்பதும் தெரியும். பக்கத்தில் இருந்த பெண் பக்கம் திரும்பினாள்.

“பாத்தியாடி? இவங்கிட்ட கேட்டா எல்லாம் உசுரோடதான் இருக்கும்.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னமோ கேலி என்று நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தூக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டேன். நான் போக வேண்டிய இடம் அது இல்லை.